‘இங்கே என்ன காடு இருக்கிறது?’

வாசகர் கேள்வி – பதில்
இந்த மாதம்: இயற்கைவளப் பாதுகாப்புப் படிப்பு

வழக்கமாக இந்தப் பகுதிக்கு மாடித் தோட்டம், கழிவறைக்குள் புகுந்த பாம்பு, நடைபாதையில் வழிமறிக்கும் குரங்கு பற்றித்தான் அதிகம் கேட்பீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படிப்பைப் பற்றியவை. நான் விலங்கியல் படித்தவள். கட்டுமான வேலை தொடங்கும் முன் ஒரு நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுத்து அறிக்கை எழுதுவதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உயிரியலும் புவியியலும் படிக்கிறாள். கனடாவின் வான்கூவர் நகரில் ‘இயற்கைவளப் பாதுகாப்பு’ பட்டப்படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்கிறாள். ‘சிங்கப்பூரில் என்ன காடு இருக்கிறது, காப்பாற்றுவதற்கு? திரும்பி வந்து யாரிடம் வேலை கேட்பாய்?’ என்கிறார் என் கணவர். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், ஈசூன்

சகோதரி, உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நீங்கள் ஈசூனில் இருக்கிறீர்கள். உங்கள் பேட்டைக்குத் தெற்கே மத்திய நீர்த்தேக்க இயற்கை வனப்பகுதி கிடக்கிறது. 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான காடு. அதன் மடியில் மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் என நான்கு நீர்த்தேக்கங்கள். அந்தக் காடு அழகுக்காக விட்டுவைக்கப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் கேம்பியரும் (தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட செடி) மிளகும் பயிரிடுவதற்காக இந்தத் தீவின் காட்டைப் பெரும்பாலும் வெட்டித் தீர்த்தார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்குக் காடு. மண் சத்திழந்ததும் புது நிலம் வேண்டும், அதற்கும் காடு. தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கேன்ட்லி 1883இல் காடுகளின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. தீவின் நடுவிலிருந்த காடு தப்பியது, நகரத்துக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் நிலமாக அது இருந்ததால்.

இன்று சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஜோகூரிலிருந்து தண்ணீர் பெறுவதற்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. இயற்கைவளம் என்றதும் உங்கள் கணவரின் மனத்தில் யானையும் புலியும் வந்து நின்றிருக்கலாம். நானாக இருந்தால் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டுவேன். அதன் பிறகு சன்னலைத் திறப்பேன். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது நினைவிருக்கும். அந்தப் புகை வந்தது சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலங்களை வடித்துக் காயவைத்து எரித்ததிலிருந்து. அதற்கு அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கென்று நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வளம் பக்கத்து நாட்டில் இருக்கிறது, அது கெட்டால் மூச்சுத் திணறுவது நமக்கு.

இப்போது காட்டுக்கு வருகிறேன். நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நவ்ஜோத் சோதி, பஞ்சாபில் பிறந்தவர், 2011இல் காலமானவர், சக ஆய்வாளர்களுடன் 2003இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிங்கப்பூரின் காட்டு வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டது என்றும், நிலப்பரப்பில் 0.25 விழுக்காடே உள்ள காப்பகங்களில் எஞ்சிய உயிரினங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒண்டிக்கொண்டிருக்கின்றன என்றும் அந்த ஆய்வு சொன்னது. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் இங்கிருந்த இனங்களில் சுமார் 37 விழுக்காடு அற்றுப்போயிருக்கும் என்பது 2023இல் வெளியான இன்னோர் ஆய்வின் மதிப்பீடு. ‘என்ன காடு இருக்கிறது’ என்று உங்கள் கணவர் கேட்பதன் பின்னே உள்ள வேதனையான உண்மை இதுதான். ஆனால் இதிலிருந்து நான் வரும் முடிவு வேறு. மிச்சம் இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் ஒவ்வொரு ஹெக்டேரைப் பற்றியும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். அந்த மேசைக்குப் போகும் தாளை எழுதுகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வான்கூவரைப் பற்றி. உங்கள் மகள் சொல்வது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வனவியல் புலம் நடத்தும் நான்காண்டுப் பட்டம். நல்ல படிப்பு. நகருக்குக் கிழக்கே 5,000 ஹெக்டேருக்கும் அதிகமான ஆய்வுக் காடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இருக்கிறது. அந்த மாநிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் அரசுடைமை. அதே நிலத்துக்குப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உரிமை கோருகிறார்கள். 1993இல் கிளேயோக்வாட் சவுண்ட் என்ற கடலோரக் காட்டில் மரம் வெட்டுவதை மறித்து 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2014இல் சில்கோட்டின் மக்களின் பூர்விக நில உரிமையைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இவற்றையெல்லாம் படிக்காமல் அங்கே வனப் பாதுகாப்பைப் படிக்க முடியாது. காடு யாருடையது, யார் வெட்டலாம், யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்விகளை அவ்வளவு வெளிப்படையாக விவாதிக்கும் இடம் அது. அதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

ஆனால் அங்கே காட்டைக் கட்டி ஆள்பவை ஒருசில ஊசியிலை மரங்கள். இங்கே புக்கிட் தீமா குன்றுக் காட்டில் ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கும் இரண்டு ஹெக்டேர் நிலத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட மர இனங்கள். 1854இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அந்தக் குன்றின் பக்கத்தில் இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். வெப்பமண்டலக் காட்டில் இலையையும் பட்டையையும் பார்த்து மரத்தைச் சொல்லும் பயிற்சியை வான்கூவர் கொடுக்காது. அதை இங்கேதான் பெற வேண்டும்.

வேலை? தேசியப் பூங்காக் கழகம், பொதுப் பயனீட்டுக் கழகம், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், மண்டாய் வனவிலங்குப் பூங்காக்கள், ஆய்வகங்கள், பள்ளிகள். அண்மைக் காலத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியானது, 2026க்கு 45 வெள்ளி. வரி கட்ட வேண்டிய நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கரிமச் சான்றுகளை, அதாவது வேறோர் இடத்தில் கரிம வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்றுகளை, வாங்கி ஈடுகட்டலாம். அந்தச் சான்றுக்குப் பின்னால் ஒரு காடு இருப்பதாகச் சொன்னால், அது உண்மையிலேயே நிற்கிறதா, அங்கே வாழும் மக்களைத் துரத்திவிட்டுக் காப்பாற்றிய காடா என்று போய்ப் பார்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தொடக்கச் சம்பளம் கணினித் துறையை எட்டாது. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: பாடத்தில் மகள் பக்கம், செலவில் கணவர் பக்கம் நில்லுங்கள். உதவித்தொகை கிடைத்தால் வான்கூவருக்குத் தாராளமாக அனுப்புங்கள். வீட்டை அடகு வைத்து இளநிலைப் படிப்புக்கு அனுப்பாதீர்கள். இங்கே படித்தாலும் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு போய்வரலாம், முதுநிலைக்கு அங்கே போகலாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுற்றுச்சூழல் சார்ந்த பட்டயப் படிப்பு படிக்கிறேன். விலங்குகள் என்றால் உயிர். கணிதம் மட்டும் வராது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியலைத் தொடாமல் இந்தத் துறையைப் படிக்க வழி உண்டா?
– மாணவர், உட்லண்ட்ஸ்

இல்லை தம்பி. வழி இருந்தாலும் அந்த வழியில் போகாதே என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேள்.

ஒரு காட்டுத் துண்டில் சாலை வரப்போகிறது. அங்கே அழுங்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எறும்பும் கறையானும் தின்னும் அந்தச் செதிலுடம்பு விலங்கு இரவில் மட்டும் நடமாடும், அருகிவிட்ட இனம். நீ தானியங்கிக் கேமராவைப் பத்து இரவுகள் கட்டிவைக்கிறாய். அழுங்கு படத்தில் விழவில்லை. ‘இங்கே அழுங்கு இல்லை’ என்று எழுதிவிடுவாயா?

கணக்குப் போடு. அங்கே உண்மையிலேயே அழுங்கு இருந்து, ஓர் இரவில் அது உன் கேமராவில் விழும் வாய்ப்பு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள். பத்து இரவும் விழாமலே போகும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு. அதாவது, நீ ‘இல்லை’ என்று எழுதும் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. அறுபது இரவுகள் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். அப்போது நீ எழுதும் ‘இல்லை’ என்பதில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். திட்டத்தின் முதலாளி பத்து இரவுக்குத்தான் பணம் தருவேன் என்பார். அறுபது வேண்டும் என்று அவரிடம் வாதாட உன் கையில் இருக்கப்போவது இந்தக் கணக்கு ஒன்றுதான். விலங்கின் மேல் நீ வைத்திருக்கும் அன்பு அந்தக் கூட்டத்தில் எடுபடாது, தம்பி. இதைக் கசப்போடு சொல்லவில்லை. அன்புள்ளவன் கணக்கும் தெரிந்தவனாக இருந்தால் அவனை யாரும் எளிதில் மடக்க முடியாது.

இன்னொன்று. ஓர் ஓடையில் எத்தனை நண்டுகள் இருக்கின்றன? எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாது. முதல்முறை 40 நண்டுகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறாய். சில நாள் கழித்து 50 பிடிக்கிறாய், அவற்றில் 10 அடையாளமிட்டவை. ஐந்தில் ஒன்றில் உன் அடையாளம் இருக்கிறதென்றால் மொத்தம் ஏறத்தாழ 200 நண்டுகள். இவ்வளவுதான் அடிப்படை. உயர்நிலைப் பள்ளி விகிதக் கணக்கு. ‘கணிதம் வராது’ என்கிற நீ இதைப் படித்ததும் புரிந்துகொண்டிருப்பாய்.

எடுத்துக்காட்டுக்கு நண்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் நன்னீர் நண்டு என்று ஓர் இனம், உலகில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1986இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் சூட்டியது. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலமே உள்ள அது, குன்றோரத்து ஓடைகள் சிலவற்றில் கற்களுக்கடியில் வாழ்கிறது. மிக மோசமாக அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வளர்த்து மீண்டும் ஓடையில் விடும் முயற்சி நடக்கிறது. விட்டவை பிழைத்தனவா, பெருகினவா என்பதற்கு விடை எண்களிலிருந்துதான் வர வேண்டும்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். விடுமுறையில் தொடங்கு. பட்டயப் படிப்பில் நல்ல மதிப்பெண் இருந்தால் பல்கலைக்கழகக் கதவு உனக்கும் திறந்தேயிருக்கிறது.

கேள்வி: மகன் தேசிய சேவையை முடிக்கப்போகிறான். தேசியப் பல்கலைக்கழகமா, நன்யாங்கா? இரண்டிலும் ‘இயற்கைவளப் பாதுகாப்பு’ என்ற பெயரில் படிப்பு இருப்பதாகத் தெரியவில்லையே?
– தந்தை, பாசிர் ரிஸ்

அந்தப் பெயரைத் தேடாதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய சுற்றுச்சூழல் ஆய்வியல் பட்டம், அறிவியலையும் சமூகவியல் பாடங்களையும் சேர்த்துக் கற்பிக்கிறது. மாணவர் உயிரியல் பக்கமோ புவியியல் பக்கமோ சாயலாம். உயிரியலை ஆழமாகப் படிக்க விரும்பினால் உயிர் அறிவியல் பட்டத்துக்குள் சூழலியல் பிரிவு உண்டு. அங்குள்ள புவியியல் துறைக்கு 1928 முதலான வரலாறு இருக்கிறது. நன்யாங்கில் 2015இல் அமைந்த ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி, பூமி அறிவியலில் வலுவானது. மண், எரிமலை, கடல்மட்டம், பருவநிலை ஆகியவற்றோடு சூழலியலையும் அது கற்றுத்தருகிறது.

உங்கள் மகனைப் பிடித்திழுப்பது உயிரினங்களும் அவற்றைச் சுற்றிய அரசியலும் என்றால் முதலாவது. மண்ணும் நீரும் காற்றும் இயங்கும் விதம் என்றால் இரண்டாவது. அவனிடமே கேளுங்கள். இரண்டு இடங்களிலும் திறந்தநாள் நிகழ்ச்சி இருக்கும், போய் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: ‘நான்கு ஆண்டுகளில் எத்தனை நாள் வகுப்பறைக்கு வெளியே இருப்பேன்?’ தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. 2015இல் திறந்தார்கள், பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் விலங்குச் சேகரிப்பு அங்கேதான் உள்ளது. வருகிறவர்கள் டைனோசர் எலும்புக்கூடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மகனை மற்றப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்துங்கள். அலுப்பாக இருக்கிறது என்றால் இந்தப் படிப்பு வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நிரந்தரவாசிகள். கல்விக் கட்டண மானியம் வாங்கினால் கட்டாய வேலை ஒப்பந்தம் உண்டா?
– தாய், செங்காங்

உண்டு. மானியத்தை ஏற்கும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். குடிமக்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. இந்தத் துறையில் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்வது சுமையே அன்று.

கேள்வி: அம்மா, என் பேரன் இதைத்தான் படிக்கிறான். தெங்காவில் காட்டை அழித்து வீடு கட்டுகிறார்கள். நான் கம்பத்து வீட்டில் வளர்ந்தவன், அந்த மரங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தவன். உங்களைப் போன்றவர்கள் எழுதும் அறிக்கையால் ஒரு மரமாவது நின்றிருக்கிறதா? மனம் கேட்காமல் கேட்கிறேன்.
– முதியவர், தோ பாயோ

நின்றிருக்கிறது ஐயா. எப்போதும் நிற்பதில்லை. இரண்டையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

புலாவ் உபினின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவை உங்கள் பேரன் காட்டியிருப்பான். மணல்திட்டு, கடற்புல், பாறைக்கரை, பவளத் துணுக்குகள், அலையாத்தி, கரையோரக் காடு எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் கரை அது. 2001இல் அங்கே கடலை மண்ணால் நிரப்பும் நில மீட்புப் பணி தொடங்கவிருந்தது. மண் கொட்டும் முன் என்னென்ன இருக்கிறது என்று பதிவாவது செய்வோம் என ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் ஓதம் வற்றும் நேரம் பார்த்து இறங்கினார்கள். கண்டதை எழுதினார்கள், படம் எடுத்தார்கள், மக்களை அழைத்து வந்து காட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்பட்டது. இன்று வரை அந்தக் கரை இருக்கிறது, அதன்மேல் நடைபாலமும் இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். கையில் பட்டியல் இருந்தது.

குறுக்குத் தீவு ரயில் பாதை இன்னொன்று. மத்திய நீர்த்தேக்க வனப்பகுதிக்கு அடியில் நேராகப் போவதா, சுற்றிப் போவதா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. சுற்றிப் போக வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் விரும்பினார்கள், நானும் விரும்பினேன். 2019 டிசம்பரில் நேர்வழிக்கே முடிவாயிற்று. ஆனால் சுரங்கம் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகும், காப்பகத்துக்குள் நிலத்தின்மேல் கட்டுமானம் இருக்காது. அத்தனை ஆண்டு ஆய்வும் வாதமும் இல்லாதிருந்தால் இந்த நிபந்தனைகள் வந்திருக்குமா? நான் நம்பவில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, கிடைத்ததை இழப்பு என்றும் நான் சொல்லமாட்டேன்.

புக்கிட் தீமா விரைவுச்சாலை 1980களில் வந்தபோது புக்கிட் தீமாக் காடும் மத்திய நீர்த்தேக்கக் காடும் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டிப் பிரிக்கப்பட்டன. சாலையைக் கடக்க முயன்று விலங்குகள் அடிபட்டன. 2013இல் அதே சாலையின்மேல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென்றே பாலம் கட்டி, மண் பரப்பி, உள்ளூர் மரங்களை நட்டார்கள். அழுங்கும் புனுகுப்பூனையும் அதில் நடமாடுவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. உபினில் 1994இல் இருவாட்சிப் பறவைகள் திரும்பி வந்தன. பொந்துள்ள பெருமரங்கள் போதாததால் ஆய்வாளர்கள் கூட்டுப்பெட்டிகளை மரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். இப்போது சாங்கியில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்கூட அவற்றைப் பார்க்கிறார்கள்.

தெங்காவைப் பற்றி நீங்கள் வருந்துவதில் தவறே இல்லை. 700 ஹெக்டேர் நகரத்தில் 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட காட்டுப் பாதையை விடுவதாகத் திட்டம். போன காட்டுக்கு அது ஈடாகாது. ஆனால் அந்தப் பாதையில் எந்த மரம் நிற்க வேண்டும், விளக்கு எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும், வடிகால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல உங்கள் பேரனைப் போன்றவர்கள் வேண்டும். நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள் ஐயா. கம்பத்தில் எந்த மரம் எங்கே நின்றது, எந்த மாதம் பூத்தது, எந்த ஓடையில் என்ன மீன் கிடைத்தது என்று அவனை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். அந்தக் காலத்துக் கணக்கெடுப்பு எந்த அலுவலகத்திலும் இல்லை.

கேள்வி: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டுப் பூங்காப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் மேலே வர முடியுமா? என் அப்பாவும் தோட்டவேலை செய்தவர்தான்.
– இளையர், சுவா சூ காங்

முடியும். மர வல்லுநர் என்ற பாதையைப் பாருங்கள். சாலையோரத்து மழைமரம் ஒன்று சாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வேரில் அழுகல் இருக்கிறதா, கிளையின் கவட்டில் பிளவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு அனுபவமுள்ள கண் வேண்டும். அனைத்துலக மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு எழுத, பட்டம் இல்லாதவர்களுக்கு மூன்று ஆண்டு வேலை அனுபவம் தேவை. அதை நீங்கள் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நகர்ப்புறப் பசுமைக்கான பயிற்சி வகுப்புகளைத் தேசியப் பூங்காக் கழகத்தின் பயிற்சி நிலையம் நடத்துகிறது.

இந்த ஊரின் சாலைகளையும் பூங்காக்களையும் பசுமையாக வைத்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். அவர்களில் மிகச் சிலரே அறிக்கை எழுதும் இடத்துக்கு வந்தார்கள். நீங்கள் வாருங்கள். பட்டதாரிகள் பலருக்குப் பத்து மரங்களின் பெயர்கூடத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கு எத்தனை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் உயர்நிலை இரண்டு. பெரியவளானதும் கடலைப் பாதுகாக்கும் படிப்பு படிக்க ஆசை. இப்போதே என்ன செய்யலாம்? அம்மாவுக்கு நான் தனியாகப் போவதில் பயம்.
– மாணவி, தெம்பனிஸ்

அம்மாவின் பயம் சரி. தனியாகப் போகாதே கண்ணு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. வயது வந்த ஆய்வாளர்கூடக் களத்துக்குத் தனியாகப் போவதில்லை.

தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களைக் கொண்டு பறவை, வண்ணத்துப்பூச்சி, தும்பி, கொக்கு ஆகியவற்றைக் கணக்கெடுக்கிறது. முன்னதாகப் பயிற்சியும் கொடுப்பார்கள். குடும்பமாகச் சேருங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனால் சைபீரியாப் பக்கத்திலிருந்து வரும் உள்ளான்களைப் பார்க்கலாம். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் நீ பதிவேற்றும் படத்துக்கு உலகெங்கும் உள்ளவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல், ஏன் அந்தப் பெயர் என்று நீயே சரிபார்.

கடல்தான் ஆசை என்றால் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே சாங்கிக் கடற்கரை இருக்கிறது. அரசாங்க வானிலை இணையப்பக்கத்தில் ஓத அட்டவணை வெளியிடுகிறார்கள். நீர்மட்டம் மிகவும் தாழும் நாளைப் பார்த்து, அது பகல் நேரமாக இருந்தால், அம்மாவோடு போ. காலை முழுவதும் மூடும் தடித்த காலணி அணிந்துகொள், மணலில் திருக்கை புதைந்திருக்கும். கடற்புல்லை மிதிக்காதே, நட்சத்திர மீனைக் கையில் தூக்காதே, வாளியில் எதையும் எடுத்து வராதே. பார்த்தது என்ன, எந்த இடம், எத்தனை மணி, நீர்மட்டம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுது. ஒன்றும் பார்க்காத நாளிலும் தேதியைப் போட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவை. அந்த நோட்டைத் தொலைத்துவிடாதே. சில ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அதையும் எடுத்துக்கொண்டு போ.